குடிநீரா, சூரணமா, கப்சியூலா, கிளினிக் குளிசையா: பிள்ளைத்தாய்ச்சி எதை எடுப்பது?

மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ ஒரு பெண் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், மருந்து சொல்ல ஆட்கள் வரிசையில் வந்துவிடுவார்கள். அம்மம்மா வேர்க்கொம்பும் மல்லியும் அவித்து வைத்திருப்பார். காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கம் என்றால் மூத்தம்மா கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்து நீட்டுவார். ஊர்ப் பரிசாரியாரிடம் ஒரு சூரணம் இருக்கும். கட்டாரில் வேலை செய்யும் புருசன் 'முற்றிலும் இயற்கையானது' என்று அச்சடித்த போத்தல் ஒன்றைப் பார்சலில் போட்டுவிடுவார். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் ஃபோலிக் அசிட்டைக் கையில் தந்து, "வேற ஒண்டும் குடிச்சிராதீங்க" என்று எச்சரிப்பார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் குடிப்பதுதான் சிக்கல். பல வீடுகளில் நடப்பதும் அதுதான்.

இதை 'நாட்டு மருந்தா, இங்கிலீசு மருந்தா' என்ற பழைய சண்டையாக ஆக்கினால் எந்த முடிவுக்கும் வரமுடியாது. இஞ்சியும் செடிதான், ஆடாதோடையும் செடிதான். முதலாவதைப் பயமில்லாமல் கொடுக்கலாம், இரண்டாவதைக் கொடுக்கவே கூடாது. பரசிற்றமோலும் குளிசைதான், இபுபுரோஃபனும் குளிசைதான். அங்கேயும் அதே கதை. என் கணக்கில் கேட்க வேண்டியவை மூன்று: என்ன செடி, எந்த வடிவத்தில், எத்தனையாவது வாரத்தில். முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். மற்ற இரண்டையும் கேட்பவர்கள் குறைவு.

வாரம் ஏன் முக்கியம்

நஞ்சுக்கொடி தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்கும் மதில் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். தாலிடோமைட் அந்த நம்பிக்கையை உடைத்தது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் தூக்கத்துக்கென்று விற்பனைக்கு வந்து, பிறகு சத்திக்கும் கொடுக்கப்பட்ட அந்தக் குளிசை 1961 நவம்பரில் அங்கே நிறுத்தப்பட்டது. அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். கருத்தரித்து ஏறக்குறைய 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடையில் குடித்த தாய்மாரின் பிள்ளைகளுக்குத்தான் கைகால் குறைபாடு வந்தது. அந்த இரண்டு வாரத்துக்கு வெளியே குடித்தவர்கள் பலர் தப்பினார்கள்.

'அது இரசாயனம், செடி அப்படிச் செய்யாது' என்று சொல்பவர்களுக்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ஆட்டுப்பட்டிகளைத்தான் காட்ட வேண்டும். 1950களில் அங்கே ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்துகொண்டிருந்தன. காரணம் தேடியபோது மலைச்சாரலில் வளரும் வெராட்ரம் என்ற செடி அகப்பட்டது. சினை ஆடு பதினான்காம் நாளையொட்டி அதை மேய்ந்தால்தான் குட்டிக்கு அந்தக் கதி, அதற்கு முன்னும் பின்னும் மேய்ந்தால் இல்லை. தாய் ஆட்டைப் பார்த்தால் பெரிதாக எந்த வித்தியாசமும் தெரியாது. செடியில் இருந்த பொருளுக்கு சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். முகமும் மூளையும் இரண்டு பாதியாகப் பிரிவதற்கான சமிக்ஞையை அது தடுத்துவிடுகிறது. 'நான் குடிச்சன், எனக்கு ஒண்டும் செய்யல்ல' என்ற சாட்சியம் பிள்ளையின் விஷயத்தில் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மனிதக் கருவுக்கு வருவோம். கிளினிக்கில் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரம் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் ஆறாவது வாரம் முடியும்போதே மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் உருவாகும் குழாய் மூடிவிடும். பெரும்பாலான பெண்கள் அப்போதுதான் 'நாள் தள்ளிப்போச்சுது' என்று சந்தேகப்படத் தொடங்குவார்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம் வரைக்குள் இதயம், கைகால், கண், காது எல்லாம் உருவெடுத்துவிடுகின்றன. சத்தி மிக மோசமாக இருப்பதும் அந்த நாட்களில்தான். அதாவது மருந்து தேடி ஓடும் காலமும், மருந்து கெடுதல் செய்யக்கூடிய காலமும் ஒன்றாக வந்து விழுகின்றன. அதற்குப் பிறகு ஆபத்தின் வகை மாறுகிறது: கருப்பை சுருங்குவது, பிள்ளை வளராமல் போவது, மாதம் நிறையுமுன் பிறப்பது. மூளை மட்டும் கடைசி நாள் வரை வளர்ந்துகொண்டே இருக்கும்.

நஞ்சுக்கொடியை எது தாண்டும்? மூலக்கூற்று நிறை 500க்குக் குறைந்த, கொழுப்பில் கரையும் பொருட்கள் இலகுவாகத் தாண்டும். மூலிகைகளில் வேலை செய்யும் பொருட்கள் பலவும் அந்த அளவுக்குள் அடங்குபவை. ஆடாதோடையில் வேலை செய்யும் வாசிசின் என்ற பொருளின் நிறை 188தான். வெந்தயத்தில் இதை மணந்தே அறியலாம்: பிரசவத்துக்குச் சற்று முன் தாய் வெந்தயம் நிறையச் சாப்பிட்டால் பிறந்த பிள்ளையில் மேப்பிள் பாகு போன்ற மணம் வீசும். அதே மணம் ஓர் அரிய பரம்பரை நோயின் அறிகுறியும் என்பதால் மருத்துவர்கள் வீணாகப் பதறியிருக்கிறார்கள்.

அவித்த தண்ணீரும் வடித்தெடுத்த சாறும்

ஒரே செடி, வடிவம் மாறினால் வேறு மருந்து. சாத்தாவாரியை எடுங்கள். இலையைக் கஞ்சியில் போட்டுக் குடிப்பது இலங்கை முழுக்க உள்ள பழக்கம். கிழங்கைப் பால்சுரப்புக்குக் கொடுப்பதும் பழைய வழக்கம். ஆனால் இந்திய ஆய்வாளர்கள் 2006இல் அதன் வேரை மெதனோலில் வடித்து, எலிகளுக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வீதம் 60 நாள் கொடுத்துப் பார்த்தபோது, கரு கரைந்துபோவது கூடியது, குட்டிகளில் குறைபாடு தெரிந்தது, நஞ்சுக்கொடி சிறுத்தது. எலிக்குக் கொடுத்த அளவை வழக்கமான மாற்றுக் கணக்கின்படி 60 கிலோ பெண்ணுக்கு மாற்றினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் வரும். 500 மில்லிகிராம் கப்சியூல் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றாலே அந்த ஒரு கிராம் வந்துவிடுகிறது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் 'காலங்காலமாகக் குடிக்கிறோம்' என்ற உத்தரவாதம் கஞ்சிக்கு உரியது, கப்சியூலுக்கு உரியதல்ல.

வீட்டில் அவிக்கும்போது தண்ணீரில் கரைபவை மட்டும் இறங்குகின்றன. கசப்பும் நாற்றமும் மிஞ்சினால் வாயே வேண்டாமென்று சொல்லிவிடும். தொழிற்சாலையில் அற்ககோலிலோ வேறு கரைப்பானிலோ வடிக்கும்போது தண்ணீரில் இறங்காதவையும் வந்துவிடுகின்றன, கப்சியூலுக்குள் அடைத்த பிறகு கசப்பும் தெரியாது. போத்தலில் '10:1' என்று போட்டிருந்தால் பத்துக் கிலோ செடியை ஒரு கிலோவாக ஒடுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அரைக் கிராம் கப்சியூலில் ஐந்து கிராம் காய்ந்த செடி இருக்கிறது.

செடியின் எந்தப் பாகம் என்பதும் இதோடு சேர்ந்ததே. முருங்கையிலைச் சுண்டல் பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்ல சாப்பாடு. அதே மரத்தின் பட்டையையோ வேரையோ அவித்துக் குடிப்பது கருவைக் கலைக்கவென்று பழைய காலத்தில் கையாண்ட வழி. பாவற்காய்க் கறி ஒருபுறம், அதன் விதை மறுபுறம். விதையிலுள்ள புரதங்கள் சுண்டெலிகளில் கருவைச் சிதைத்திருக்கின்றன. பப்பாசியைப் பற்றி ஊரில் நடக்கும் வாக்குவாதமும் இப்படித்தான் தீரும். எலிகளில் செய்த சோதனைகளில் பழுத்த பப்பாசிச் சாறு கருப்பையைச் சுருக்கவில்லை, காயின் பால்தான் சுருக்கியது. பழம் சாப்பிடலாம். காய்க்கறியை அந்தப் பத்து மாதமும் மற்றவர்களுக்கு விட்டுவிடலாம்.

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால்

அம்மம்மாவின் அடுப்பைப் பற்றி எனக்கு அதிகப் பயம் இல்லை. மல்லி, நற்சீரகம், மிளகு, உள்ளி, வேர்க்கொம்பு எல்லாம் நாளாந்தம் கறியில் விழுபவை. கறியளவில் இவை பிள்ளைக்குக் கெடுதல் செய்ததாகச் சான்று இல்லை. இவற்றில் ஆய்வுக்கு நன்றாக முகம் கொடுத்தது இஞ்சி, அதைக் காயவைத்ததுதான் வேர்க்கொம்பு. தாய்லாந்தில் 2001இல் வெளிவந்த ஒரு சோதனையில் 70 பெண்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் இஞ்சித் தூளும் மற்றவர்களுக்கு வெற்றுக் கப்சியூலும் நான்கு நாள் கொடுத்தார்கள். இஞ்சி எடுத்தவர்களுக்குக் குமட்டலும் சத்தியும் குறைந்தன. பாதுகாப்பைப் பற்றி நோர்வேயில் 68,522 தாய்மாரின் பதிவுகளைப் பார்த்தார்கள். அதில் 1,020 பேர் கர்ப்ப காலத்தில் இஞ்சி எடுத்தவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடவில்லை. 17ஆம் வாரத்துக்குப் பிறகு இலேசான இரத்தக்கசிவு மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. ஆகவே அரைத் தேக்கரண்டி வேர்க்கொம்புத் தூளை நாள் முழுவதுக்குமாகப் பிரித்து, இஞ்சித் தேத்தண்ணியாகவோ குடிநீராகவோ குடிப்பதில் தப்பில்லை. இரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுபவர்கள், அஸ்பிரின் எடுப்பவர்கள், கசிவு கண்டவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மூத்தம்மாவின் கருஞ்சீரகமும் ரொட்டியில் தூவும் அளவில் இருக்கட்டும். அதன் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பதும் கப்சியூலாக விழுங்குவதும் சமையல் கணக்கில் வராது.

பரிசாரியாரிடம் வரும்போது என் குரல் கொஞ்சம் மாறும். மரியாதைக் குறைவினால் அல்ல. ஆட்களுக்கிடையே வித்தியாசம் பெரிது. இலங்கையில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத, சித்த, யூனானி வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. நமது மாகாணத்தில் அரச சுதேச வைத்தியசாலைகளும் இருக்கின்றன. பதிவு பெற்ற வைத்தியர் முதலில் எத்தனை வாரம் என்று கேட்பார், கிளினிக் அட்டையைப் பார்ப்பார், பேதி மருந்து எதையும் எழுதமாட்டார். பழைய ஆயுர்வேத நூல்களின் கர்ப்பிணி ஒழுக்கத்தைப் பார்த்தாலும் மாதாமாதம் சொல்லப்படுவதில் பெரும்பங்கு பால், நெய், சோறு போன்றவைதான், மருந்து குறைவு. மரபை மதிக்கும் வைத்தியர் பிள்ளைத்தாய்ச்சிக்கு மருந்தைச் சுருக்குவார், கூட்டமாட்டார். வாரமும் கேட்காமல், செடியின் பெயரும் சொல்லாமல் பொட்டலத்தைக் கட்டித் தருபவரிடம் வாங்காதீர்கள், அவர் எத்தனை தலைமுறைப் பரம்பரையாக இருந்தாலும்.

பதிவு பெற்றவரிடமும் இரண்டு பொருளை நேரடியாகக் கேட்டுத் தவிர்க்க வேண்டும். ஒன்று உலோகம் கலந்தவை: பஸ்பம், செந்தூரம், பாதரசம் சேர்ந்த குளிகை. 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. நியூயோர்க்கில் 2011, 2012 ஆண்டுகளில் ஆயுர்வேதக் குளிசை எடுத்த ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை அங்குள்ள சுகாதாரத் திணைக்களம் கண்டுபிடித்தது. சிலர் அவற்றை எடுத்ததே பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தான். ஈயம் நஞ்சுக்கொடியைத் தாராளமாகத் தாண்டி வளரும் மூளையைத் தாக்கும். எலும்பிலும் தங்கிவிடும். இரண்டாவது அரிஷ்டமும் ஆசவமும். அவை புளிக்கவைத்துச் செய்பவை, அந்தப் புளிப்பில் அற்ககோல் தானாக உண்டாகிறது. கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அற்ககோல் அளவு ஒன்று கிடையாது. சாராயத்தை வாசலிலேயே நிறுத்தும் வீடுகளில் அரிஷ்டப் போத்தல் அலுமாரிக்குள் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

புருசன் அனுப்பிய போத்தலுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பிள்ளை பிறந்து பால்குடி மறக்கும்வரை அது மூடியோடு இருக்கட்டும். ஒடுக்கிய சாறு, கலவை எத்தனை என்று தெரியாது, கர்ப்பிணிகளில் சோதித்ததில்லை, கெடுதல் நடந்தால் யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. நான்கு வழிகளில் இதுவே ஆகக் கடைசி. அன்பாக அனுப்பியவரிடம் அடுத்த முறை பேரீச்சம்பழம் அனுப்பச் சொல்லலாம்.

கிளினிக் குளிசையின் பலம், அதன் கெடுதல் தெரிந்திருப்பதுதான். எந்த மருந்து எந்த வாரத்தில் கூடாது என்று கோடிக்கணக்கான தாய்மாரின் அனுபவத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். இபுபுரோஃபன் வகையை 20ஆம் வாரத்துக்குப் பிறகு தவிர்க்கும்படி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது ஓர் உதாரணம். வலிப்புக்குக் கொடுக்கும் வல்ப்ரோயேற் இன்னொன்று. அதனால் பாமசியில் கேட்டு வாங்கும் குளிசையும், பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தந்த குளிசையும் கிளினிக் குளிசை ஆகிவிடாது. இன்னொரு குறையும் உண்டு: கிளினிக்கில் கூட்டம், பேச நேரமில்லை, மூலிகை குடித்ததாகச் சொன்னால் ஏச்சு விழும் என்ற பயம். அந்தப் பயத்தால் பெண்கள் மறைக்கிறார்கள். மறைத்த பிறகு எந்தக் குளிசை எதோடு மோதுகிறது என்று யாராலும் பார்க்க முடியாது. "மிஸ், வீட்டில இதைத் தந்தவங்க, குடிக்கலாமா?" என்று பொட்டலத்தையே மேசையில் வைத்துவிடுவது நல்லது. குடித்த பிறகு ஒப்புக்கொள்வதைவிட குடிக்கும் முன் கேட்பதற்கு ஏச்சும் குறைவு.

நோவைப் பொறுத்து

சத்திக்கு இஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, அப்புறமும் நிற்காவிட்டால் கிளினிக்கில் தரும் விற்றமின் பி6ஓ அதற்கு மேலான மருந்தோ. தண்ணீரும் தங்கவில்லை, மூத்திரம் கடுமஞ்சளாகிவிட்டது, நிறை இறங்குகிறது என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

இருமல் தடிமனில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நமது இருமல் குடிநீர்களில் தங்கியிருக்கும் இரண்டு சரக்குத்தான் பிரச்சினை. ஆடாதோடை இருமலுக்கு நல்ல மருந்து, அதில் ஐயமில்லை. ஆனால் அதன் வாசிசின் கருப்பையைச் சுருக்கும் என்பதாலேயே இந்தியாவில் அதைப் பிரசவ மருந்தாக்க முடியுமா என்று ஆராய்ந்தார்கள். மற்றது அதிமதுரம். பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் நிறையச் சாப்பிடும் பழக்கம் உண்டு. அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் வாரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் உள்ளே போன தாய்மாருக்குப் பிரசவம் சற்று முந்தியது, பிள்ளைகள் வளர்ந்தபோது அறிவுத்திறன் சோதனைகளில் குறைந்த புள்ளி எடுத்தார்கள். தாயின் உடம்பில் சுரக்கும் கோட்டிசோல் என்ற ஹோர்மோன் பிள்ளைக்குப் போகாமல் தடுக்கும் நொதியம் ஒன்று நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கிளிசிரைசின் அதை முடக்குகிறது. தாயின் இரத்த அழுத்தத்தையும் அது ஏற்றும். பின்லாந்து அரசு இப்போது கர்ப்பிணிகளை அதிமதுரம் வேண்டாமென்கிறது. ஆகவே கடையில் விற்கும் மூலிகைப் பக்கற்றுகளின் பின்புறத்தை வாசியுங்கள். ஆடாதோடையோ அதிமதுரமோ இருந்தால் வைத்துவிடுங்கள். மல்லியும் வேர்க்கொம்பும் மட்டும் போட்டு வீட்டில் அவித்தது, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு, ஆவி, தேன் போதும்.

மலச்சிக்கல் பெரும்பாலும் இரும்புக் குளிசையால் வருகிறது. அதற்காகக் குளிசையை நிறுத்திவிட்டு நிலாவரையையோ கற்றாழைப் பாலையோ ஆமணக்கெண்ணெயையோ தேடுவது இரட்டை நட்டம். தண்ணீர், கீரை, பழம். அதற்கும் அசையாவிட்டால் இசப்கோல் உமி. இதுவும் செடிதான், ஆனால் குடலுக்குள்ளேயே நின்று தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது, இரத்தத்தில் கலப்பதில்லை. அதனால்தான் டொக்டர்மாரும் அதைத் தாராளமாகச் சொல்கிறார்கள். இடையில் ஒரு சொல்: இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடோ குடிநீரோடோ விழுங்காதீர்கள், துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது.

சீனி வியாதி. 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் குளுக்கோஸ் சோதனையில் சீனி கூடியிருந்தால் வீட்டில் யாராவது கோதல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் கட்டையில் குடைந்த கோப்பையை எடுத்து வருவார்கள், அதில் ஊறிய தண்ணீரைக் குடிக்கச் சொல்வார்கள். அந்த மருந்து சீனியைக் குறைக்கும் என்பது பொய்யல்ல. ஆனால் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் அதன் வேர்ச் சாற்றைச் சினை எலிகளுக்குக் கொடுத்தபோது, ஒட்டிய கரு அழிவது வெகுவாகக் கூடியது, பிறந்த குட்டிகளின் நிறையும் குறைந்தது. கிலோவுக்கு 10 கிராம் என்ற பெரிய அளவு அது, உண்மைதான். ஆனாலும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாத மருந்து. அப்படி ஒன்று கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும்போது கோப்பையைப் பரிசோதிக்க உங்கள் பிள்ளை எதற்கு?

காய்ச்சலில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. மாரி தொடங்கினால் நம்மூரில் டெங்கு வரும். 2017இல் நாடு முழுவதும் 186,101 பேர் பதிவானார்கள். பப்பாசியிலைச் சாறு குருதிச் சிறுதட்டுக்களை ஏற்றுகிறது என்று சில சோதனைகள் காட்டுகின்றன. அவை கர்ப்பிணிகளை வைத்துச் செய்யப்பட்டவையல்ல. நிலவேம்பும் கர்ப்பத்தில் விலக்கப்பட்டதே. சாற்றின் கெடுதல் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைக் குடித்துவிட்டு 'நாளைக்குப் பார்ப்பம்' என்று காத்திருக்கும் இரண்டு நாள்தான் ஆளைக் கொல்லும். டெங்குவில் தண்ணீர் இரத்தக் குழாயிலிருந்து கசிவது காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் நேரத்தில். பிள்ளைத்தாய்ச்சிக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே இரத்தம் சோதிக்க வேண்டும், பரசிற்றமோல் மட்டும் கொடுக்க வேண்டும். வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை போல படுவான்கரையிலோ, பொத்துவில் பக்கமோ இருப்பவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனைக்கோ போகும் தூரத்தையும் கணக்கில் எடுத்து, நகரத்தில் இருப்பவரைவிட ஒரு படி முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

நாள் நெருங்கியும் வலி வராதபோது ஆமணக்கெண்ணெய் கொடுக்கும் வழக்கம் இன்னும் சாகவில்லை. அது வேலை செய்யும், அதுதான் பயம். அதிலுள்ள ரிசினோலெயிக் அமிலம் குடலிலும் கருப்பையிலும் உள்ள ஒரே வகை வாங்கியில் (சமிக்ஞையை ஏற்கும் புரதத்தில்) ஒட்டி இரண்டையும் சுருக்குகிறது. எவ்வளவு சுருக்கும், எப்போது நிற்கும் என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது. முன்பு சிசேரியன் ஆனவருக்குக் கருப்பைத் தழும்பு பிரியலாம். வலியைத் தூண்ட வேண்டுமானால் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்க மெசின் இருக்கும் இடத்தில்தான். சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று பார்க்கச் சீரகத் தண்ணீர் கொடுப்பது அதைப்போல ஆபத்தில்லை, ஆனால் தண்ணீர்க்குடம் உடைந்தோ இரத்தம் கண்டோ இருந்தால் சீரகம் அவியும் நேரமும் வீண்.

பிள்ளை பிறந்த பிறகு கொடுக்கும் சரக்கும் பத்தியக் கறியும் வேறு கணக்கு. அதை இதோடு கலக்கவில்லை.

தெரியாமல் குடித்திருந்தால்

நாள் தள்ளியது தெரியாமல் ஆடாதோடைக் குடிநீரோ நிலவேம்போ குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் இருப்பவர்கள் உண்டு. கருத்தரித்த முதல் இரண்டு வாரத்தில் (கிளினிக் கணக்கில் மூன்றாம், நான்காம் வாரத்தில்), அதாவது கரு கருப்பையில் ஒட்டிப் படியும் காலத்தில், பாதிப்பு ஏற்பட்டால் கரு பெரும்பாலும் தானாகவே போய்விடும். தங்கியிருந்தால் அது பெரும்பாலும் முழுமையாகவே வளரும். எந்த மருந்தும் குடிக்காத தாய்மாருக்கும் நூறில் மூன்று பிள்ளைகள் ஏதோ ஒரு பெரிய குறைபாட்டோடு பிறக்கின்றன. ஓரிரு கோப்பைக் குடிநீரால் அந்த எண் எவ்வளவு ஏறும் என்று ஊரார் அளந்து சொல்ல முடியாது, அதனால் அவர்கள் பேச்சைக் கேட்டுக் கருவைக் கலைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம். குடிப்பதை நிறுத்துங்கள், ஃபோலிக் அசிட்டை நிறுத்தாதீர்கள். என்ன செடி, எந்தத் திகதி, எத்தனை தரம் என்று ஒரு தாளில் எழுதிக் கிளினிக் அட்டைக்குள் வையுங்கள். பெயர் தெரியாத இலை என்றால் ஒரு கொப்பை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஃபோனில் படமும் எடுத்து வையுங்கள். 18க்கும் 22க்கும் இடைப்பட்ட வாரத்தில் பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனுக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையில் கொடுத்துவிட்டால், பார்ப்பவர் எந்த உறுப்பில் கூடுதல் நேரம் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்துக்கொள்வார்.